ஆடிக்காற்றிலும் நேரே செல்லும் அம்பு: கொங்குப் பகுதி வில்லாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காங்கயத்துக்கு அருகே ஒரு கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், சிறுவர் சிறுமியருக்கு வில்வித்தை கற்றுத் தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வில்லை வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். வில்லைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்து, விலையை ஒப்பிட்டு, நிறம்கூடப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அம்பு மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். இலக்குவரை போய்ச் சேர்வது அம்புதான் என்பதால், அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வெள்ளகோவில் பக்கமிருந்து ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். "ஏனுங்க, வில்லு நல்ல வில்லுதானுங்க. ஆனா எத்தனை தடவை விட்டாலும் அம்பு எடதுபக்கமாவே போகுதுங்க. புள்ளைக்குக் கை நடுங்குதோ என்னமோ" என்றார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். "அம்மிணி, ரெண்டு கையையும் நல்லா விரிச்சு நில்லு" என்று சொல்லி அளந்து பார்த்தேன்; பிறகு அவளுடைய அம்புகளை எடுத்துத் தண்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தேன். 500 என்றிருந்தது. வளர்ந்த ஆணொருவர் கனமான வில்லில் வைத்து எய்ய வேண்டிய விறைப்பான அம்பு அது. அவள் கையில் எந்தப் பிழையும் இல்லை. மூன்று மாதங்களாக அம்பின் பிழையை அந்தக் குழந்தை தன் பிழையென்று சுமந்துகொண்டிருந்தாள். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

முதலில் உடலை அளவெடுங்கள்

இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அந்த அளவை இரண்டரையால் வகுத்தால், ஒருவர் நாணை எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணின் கைவிரிப்பு 155 செ.மீ.; அதை வகுத்தால் 62 செ.மீ., அதாவது சற்றேறக்குறைய 24.5 அங்குலம். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. பயிற்சியில் தோள் திறந்து நிலை சீரானதும் இழுநீளம் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ கூடும். ஆகவே, சில வாரங்கள் மைதானத்தின் பொது அம்புகளால் பழகியபின், நீளமான ஓர் அம்பை வில்லில் வைத்து முழுதாக இழுக்கச் சொல்லி, வில்லின் முன்பக்கம் அம்பைத் தொடும் இடத்தில் இன்னொருவர் குறியிட்டு அளப்பதே சரியான முறை. குறியிடுபவர் ஒருபோதும் அம்புக்கு நேர்முன்னே நிற்கக் கூடாது.

அப்படிக் கிடைத்த அளவுடன் பெரியவர்களுக்கு ஓர் அங்குலமும், வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலமும் கூட்டி அம்பின் நீளத்தை முடிவு செய்யலாம். இந்த நீளம், அம்பின் வால்முனையில் நாண் பொருந்தும் நாக்கின் பள்ளத்திலிருந்து தண்டின் முன்விளிம்புவரை அளப்பதாகும். உலோக முனை இதில் சேராது. அம்பு நீளமாக இருந்தால் இழப்பு சிறிது. குட்டையாக இருந்தாலோ ஆபத்து பெரிது, ஏனென்றால் அளவுக்கு மீறி இழுத்த கணத்தில் முனை அம்புதாங்கியிலிருந்து உள்ளே வழுகி விழ, நாணை விட்டவுடன் அம்பு வில் பிடித்த கையிலேயே பாயக்கூடும். அண்ணனுடைய அம்புகளைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அண்ணன் தம்பியைவிடக் குட்டையாக இருந்து, அவனுக்கென்று வெட்டிய அம்புகளாகவும் இருந்தால் அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது இழுவிசை. நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லின் சிறகில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில்) எழுதியிருக்கும் பவுண்டு எண், 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் விசையைக் குறிக்கிறது. அதைவிட ஓர் அங்குலம் குறைவாக இழுத்தால் விசை ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும். 26 பவுண்டு என்று எழுதிய வில் அந்தப் பெண்ணின் கையில் 19 பவுண்டாகத்தான் இருந்தது. எனவே வில்லில் எழுதியிருப்பதை நம்பி அம்பு வாங்காமல், கொக்கித் தராசு ஒன்றை நாணில் மாட்டி, உங்கள் இழுநீளம்வரை இழுத்துப் பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பைன் என்னும் வளைவு எண்

அம்பு விறைத்த குச்சி என்று நினைத்திருப்பவர்கள், வேகக் கேமராவில் பிடித்த காட்சியை ஒருமுறை பார்த்தால் வியந்துபோவார்கள். விரல்கள் நாணை விடும்போது நாண் நேராக முன்னே ஓடுவதில்லை. விரல் நுனியில் உருண்டு சற்றே பக்கவாட்டில் விலகித்தான் ஓடுகிறது. பின்னாலிருந்து வரும் அந்தத் தள்ளலில் அம்பு வில்லாய் வளைந்து, வில்லின் கைப்பிடியைச் சுற்றி நெளிந்து கடந்து, இருபுறமும் அலைந்தபடியே சென்று, பிறகுதான் நிமிர்கிறது. வளைவு சரியான அளவில் இருந்தால், வால்பகுதி கைப்பிடியில் உரசாமல் கடந்துவிடும். குறைவாக வளைந்தாலும் கூடுதலாக வளைந்தாலும் அம்பு திசை மாறும்.

இந்த வளையும் தன்மையை அளக்க ஒரு பொதுமுறை இருக்கிறது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின்மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வதே ஸ்பைன் எண். அரை அங்குலம் தாழ்ந்தால் 500. ஓர் அங்குலம் தாழ்ந்தால் 1000. எண் சிறியதானால் தண்டு விறைப்பு, பெரியதானால் நெகிழ்வு. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம் என்பதால் கடைக்குப் போகுமுன் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் எடையைத் தொங்கவிட்டுக் கிடைத்த அந்த எண், வில்லில் நடந்துகொள்ளும் விதத்துக்கு முழு விடையாகாது. அதே தண்டை நீளமாக வைத்தால் கூடுதலாக நெகிழும், வெட்டிக் குறைத்தால் விறைக்கும். முன்முனையின் எடையைக் கூட்டினால் நெகிழும், குறைத்தால் விறைக்கும். அதனால்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் இழுவிசை, அம்பு நீளம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணையைத் தருகிறார்கள். 28 அங்குல அம்போடு 40 பவுண்டு அளவில் எய்யும் ரிகர்வ் வில்லாளருக்குப் பொதுவாக 600 முதல் 700 வரையும், 30 பவுண்டுக்குக் கீழே எய்பவருக்கு 800 முதல் 1000 வரையும் பொருந்தும். 20 பவுண்டை ஒட்டி எய்யும் பிள்ளைகளுக்கு 1000க்கு மேற்பட்ட எண் வேண்டியிருக்கும். இவை வழிகாட்டும் எண்களே. நீங்கள் வாங்கப்போகும் தண்டுக்குரிய அட்டவணையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால், வளரும் பிள்ளைக்கு விறைப்பான எண்ணை எடுத்து, தண்டை வெட்டாமல் முழுநீளமாக வைத்திருப்பது என் வழக்கம். அடுத்த ஆண்டு அவர்கள் விசை கூடும்போது அதே அம்பு பொருந்தி வரும்.

தேர்வு சரிதானா என்பதை இறகில்லா அம்பு சொல்லிவிடும். ஒரே வகைத் தண்டில் மூன்றை இறகோடும் இரண்டை இறகு ஒட்டாமலும் வைத்து, 18 மீட்டரில் எய்யுங்கள். இறகு பறக்கும்போது பிழையைத் திருத்திவிடும். இறகற்றது உண்மையை அப்படியே காட்டும். வலக்கை வில்லாளருக்கு, இறகில்லாத அம்பு மற்றவற்றின் இடப்பக்கம் குத்தினால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் குத்தினால் நெகிழ்வு. இடக்கைக்காரருக்கு இது மாறி வரும். விறைப்பாக இருந்தால் முனையெடையைக் கூட்டலாம், வில்லின் விசையைச் சற்று ஏற்றலாம். நெகிழ்வாக இருந்தால் முனையெடையைக் குறைக்கலாம் அல்லது தண்டைக் கால் அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே ஒரே நாளில் ஓர் அங்குலம் வெட்டும் அவசரம் வேண்டாம். ஒரே பிடியாக எய்யத் தெரியாதவர் கையில் இந்தச் சோதனை பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று இறகம்புகள் ஓர் உள்ளங்கையளவுக்குள் விழும் நாள்வரை காத்திருங்கள்.

கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் விரலுக்குப் பதில் விசைக்கருவி நாணை விடுவதால் பக்கவாட்டு வளைவு குறைவு. எனினும் அங்கே தள்ளும் வேகம் அதிகம். விசைக்குப் போதாத நெகிழ்வான அல்லது மிக இலேசான அம்பை வைத்தால் வில்லே சேதமடையக்கூடும். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெயின் எடையாவது அம்பு இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் கீழெல்லை. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெயின், அதாவது 16 கிராமுக்குச் சற்றே மேல்.

காற்றுக்கு ஏற்ற தேர்வு

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கென்றே உரியது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கி.மீ. அகலத்துக்குத் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேற்குக் காற்று புரட்டாசிவரை ஓய்வதில்லை. பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் நம் மைதானங்களின் குறுக்கேயும் வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். இருபது கிராமை ஒட்டிய அம்பின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ரிகர்வ் வில்லாளர் 70 மீட்டரில் 122 செ.மீ. இலக்குத்தாளை நோக்கி எய்கிறார். அதில் ஒவ்வொரு வளையமும் 6.1 செ.மீ. அகலம். அம்பு அந்தத் தொலைவைக் கடக்க ஒரு நொடிக்கும் சற்று மேலாகிறது. அத்தனை நேரமும் பக்கக்காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், ஒரு கையகல விலகலே பத்தை ஒன்பதாகவோ எட்டாகவோ மாற்றிவிடும். காற்று தள்ளுவது அம்பின் பக்கப்பரப்பை. ஆகவே நம் வெளிமைதானங்களுக்கு மெல்லிய தண்டு, அந்த மெலிவுக்குள் கூடுதல் எடை, சிறிய இறகு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அலுமினியத் தண்டில் 1816 என்று எழுதியிருந்தால், வெளிவிட்டம் அங்குலத்தின் 64இல் 18 பங்கு, சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு என்று பொருள். விட்டம் சுமார் 7 மி.மீ. வரும். மெல்லிய கார்பன் தண்டுகள் 5 மி.மீ. அளவிலேயே கிடைக்கின்றன. அலுமினியக் குழாயின்மேல் கார்பன் சுற்றி, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும்படி செய்த ஈஸ்டன் எக்ஸ்10 தண்டு 1996 அட்லான்டா ஒலிம்பிக்கை ஒட்டி வந்தது. மெலிவும் எடையும் ஒன்றாகக் கூடியதாலேயே உலகப் போட்டிகளின் காற்றுவெளிகளில் அது நிலைத்தது. அதன் விலை நம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. மாநிலப் போட்டிகளில் இடம் பிடிக்கும்வரை அது தேவையும் இல்லை. மெல்லிய முழுக்கார்பன் தண்டே போதும்.

தொடக்கக்காரர்களுக்கு, 18, 20 மீட்டரில் பழகும் முதல் ஆண்டுக்கு, நான் அலுமினியத்தையே சொல்கிறேன். விலை குறைவு; கோணினால் கண்ணுக்குத் தெரியும்; ஓரளவு நிமிர்த்தவும் முடியும். கார்பன் கோணுவதில்லை. நன்றாக இருப்பதுபோல் தோன்றி, உள்ளே விரிசலிட்டு, எய்யும்போது சிம்பாகச் சிதறக்கூடும். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம்.

உள்ளரங்கில் 18 மீட்டரில் காற்று கிடையாது. அங்கே வளையக்கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண் என்பதால் பருத்த தண்டு பயன் தரும். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மி.மீ. தாண்டக் கூடாது. ஆனால் ஒரே ஒரு தொகுதி அம்பு வாங்க மட்டுமே வசதியுள்ளவர்கள் வெளிமைதானத்துக்கான மெல்லியதையே வாங்குங்கள். நம் ஊரில் உள்ளரங்கப் போட்டிகளைவிட வெளிக்காற்றே அதிகம்.

முனையெடை காற்றில் பெரிதும் கைகொடுக்கும். எடை முன்னே இருந்தால் அம்பு நிலைகுலையாமல் செல்லும். நாக்கின் பள்ளத்திலிருந்து தண்டின் முடிவுவரை நீளத்தை அளந்து, அம்பை விரல்மேல் வைத்து அது சமன்படும் இடத்தையும் அளந்து, அந்த அளவிலிருந்து பாதி நீளத்தைக் கழித்து, கிடைத்ததை முழுநீளத்தால் வகுத்தால் முன்பாரத்தின் சதவீதம் வரும். 70 செ.மீ. அம்பு 44 செ.மீ.இல் சமன்பட்டால், 35ஐக் கழிக்க 9. அதை 70ஆல் வகுக்க ஏறத்தாழ 13 சதவீதம். கார்பன் அம்புக்கு 11 முதல் 16 வரை பொருத்தமானது. காற்று மைதானத்தில் இந்த எல்லையின் மேற்பாதியை நான் விரும்புகிறேன். முனையைக் கூட்டும்போது தண்டு நெகிழும் என்று மேலே சொன்னதை மறக்காமல், தண்டை ஓர் எண் விறைப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறகில், பயிற்சித் தொடக்கத்துக்கு வேன் எனப்படும் சாதாரண பிளாஸ்டிக் இறகு போதும். உரசினாலும் மழையில் நனைந்தாலும் தாங்கும். ரிகர்வில் முன்னேறியவர்கள் மெல்லிய தகடாகச் சுருண்டிருக்கும் ஸ்பின் விங் வகையை ஒட்டுகிறார்கள். எடை மிகக் குறைவு, அம்பை விரைவில் சுழலவைத்து நிமிர்த்தும். ஆனால் இலக்கைத் துளைத்து மறுபக்கம் சென்றால் கிழிந்துவிடும். வான்கோழி இறகு உள்ளரங்குக்கே உரியது.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஊடுருவினான் என்று சங்கப் புலவரால் பாடப்பட்ட ஓரியின் மலை அது. அந்த விழாவின் வில்வித்தைப் போட்டிக்கு என் மாணவர்களை அனுப்புமுன், எங்கள் கொறங்காட்டில் ஆனி மாதம் முழுதும் காற்றின் குறுக்காகவே எய்யச் சொல்கிறேன். காற்றில்லாத மார்கழிக் காலையில் கூட்டிப் பார்த்துத் தேர்ந்த அம்பு ஆடியில் என்ன செய்யும் என்பதை ஆடிக்கு முன்பே தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

அமெரிக்கா சென்ற நம்மவர்களுக்கு

கோபியிலும் பெருந்துறையிலும் வில் பழகிவிட்டு அமெரிக்காவுக்கு வேலைக்குச் சென்ற சிலர், அங்கே உரிமம் பெற்று எல்க் மான் வேட்டைக்குப் போகலாமா, இதே அம்பு போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. எல்க் நம் கடமானுக்கு உறவான பெரிய மான். வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும். இலக்குத்தாளில் பதிவது வேறு. தடித்த தோலையும் விலா எலும்பையும் கடந்து நுரையீரலை அடைவது வேறு. அரைகுறையாகப் பாய்ந்த அம்போடு அந்த விலங்கு காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் துன்புற விடுவது பெரும் பாவம். ஆகவே கனமான அம்பு வேண்டும். முனையும் சேர்த்து 450 கிரெயினுக்குக் குறையாததை நான் சொல்வேன். எல்க் அளவு விலங்குக்கு 42 முதல் 65 அடி-பவுண்டு இயக்க ஆற்றல் வேண்டும் என்பது அம்புத் தயாரிப்பாளர்களின் வழிகாட்டல். கொலராடோ மாநில விதி, வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்றும், வெட்டுமுனையின் அகலம் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேறு மாநிலங்களில் விதி வேறு. உரிமம் வாங்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வெட்டுமுனையில் இரண்டு வகை உண்டு. அலகுகள் எப்போதும் விரிந்தே நிற்கும் நிலைமுனை ஒன்று. பாயும்போது விரியும் முனை மற்றொன்று. விரியும் முனை, விரிவதற்கே தன் விசையில் ஒரு பங்கைச் செலவிட்டுவிடும். விசை குறைந்த வில்லுக்கும் முதல் வேட்டைக்கும் நிலைமுனையே ஏற்றது. அது காற்றில் அம்பைத் திருப்பும் என்பதால், பயிற்சி முனையால் மட்டும் பழகிவிட்டுச் செல்லாமல், அதே எடையுள்ள வெட்டுமுனையை மாட்டி எய்து பார்த்து வில்லைச் சரிசெய்ய வேண்டும். அலகு சவரக்கத்திபோல் தீட்டியிருக்க வேண்டும். விலங்கு முழுப்பக்கமாக நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, தோள்பட்டை எலும்பைத் தவிர்த்து எய்ய வேண்டும். அந்த நிலை அமையாவிட்டால் நாணைத் தளர்த்திவிட்டுத் திரும்புங்கள்.

இங்கே அதற்கு இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். சத்தியமங்கலம் அடிவாரத்தில் பன்றி புகுந்து மஞ்சளையும் கடலையையும் அழிக்கும் வேதனையை நான் அறிவேன். அதற்கும் வனத்துறையின் அனுமதியின்றி வில்லெடுக்க முடியாது. எங்கள் மைதானத்தில் வெட்டுமுனையை உள்ளே கொண்டுவரவே அனுமதிப்பதில்லை.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

ஒரே தொகுதியில் குறைந்தது பன்னிரண்டு அம்புகள் வாங்குங்கள். ஆறு மட்டும் வாங்கி, இரண்டு தொலைந்தபின் வேறு ஆறு வாங்கிச் சேர்ப்பவர்கள் ஒரே விதமான அம்புகளை ஒருபோதும் பெறுவதில்லை. தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைக் குறிக்கும் 0.006, 0.003, 0.001 அங்குல எண்களில் தொடக்கத்தில் 0.006 போதும். நாணில் நாக்கு பொருந்துவதைப் பாருங்கள்: அம்பை நாணில் மாட்டி முனை கீழாகத் தொங்கவிட்டால் விழாமல் நிற்க வேண்டும், நாணை இலேசாகத் தட்டினால் விழ வேண்டும். போட்டிக்குச் செல்பவர்கள் ஒவ்வொரு தண்டிலும் பெயரையோ முதலெழுத்தையோ எழுதியிருக்க வேண்டும், ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் யாவும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும்.

கார்பன் தண்டில் முனையை ஒட்டும்போதும் கழற்றும்போதும் தண்டை நெருப்பில் காட்டாதீர்கள். முனையை மட்டும் இலேசாகச் சூடாக்குங்கள், அல்லது வெந்நீரில் பிடியுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அம்புப்பெட்டியை விட்டுச் சென்றால் பசை இளகி, இலக்கிலிருந்து பிடுங்கும்போது முனை உள்ளேயே தங்கிவிடும். இது எங்களிடம் ஆண்டுக்குப் பலமுறை நடக்கிறது.

இலக்குமெத்தைக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டைச் சாக்குகளில் இறுக்கித் திணித்து அடுக்கினால், 30 பவுண்டு வில்லின் அம்பை அழகாகத் தாங்கும், பிடுங்கவும் எளிது. ஆனால் இலக்குக்குப் பின்னால் தென்னைமரமோ பாறையோ இருக்கக் கூடாது. மரத்தில் ஏறிய அம்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. கொழுக்கட்டைப் புல்லுக்குள் புகுந்த அம்பு தரையோடு தரையாக ஊர்ந்து மறைந்துவிடும் என்பதால், இலக்குக்குப் பின்னே இருபது அடிக்காவது புல்லை ஆடு மேய விட்டு ஒட்ட வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு தண்டிலும் ஒன்று முதல் பன்னிரண்டுவரை எண் எழுதி, ஒவ்வொரு முறையும் எந்த எண் எங்கே விழுந்தது என்பதை நோட்டில் குறித்து வாருங்கள். ஏழாம் எண் மட்டும் தொடர்ந்து கீழே விழுந்தால் அதன் நாக்கை மாற்றுங்கள், இறகைப் பாருங்கள். அப்போதும் கீழேயே விழுந்தால் தனியே எடுத்து வையுங்கள். கார்பன் அம்பை எய்யுமுன் ஒவ்வொரு முறையும் இரு கைகளாலும் பிடித்து, உடலை விட்டு விலக்கி, மெல்ல வளைத்து, காதருகே கொண்டுவராமல் சத்தம் கேளுங்கள். சிறு நெறிப்பு கேட்டாலும், விரலில் சிம்பு தட்டினாலும், அதை அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடுங்கள். முழுதாகக் குப்பையில் போட்டால் வேறொரு பிள்ளை எடுத்து எய்துவிடும்.